கல்லைத் தாண்டி நேரே

"சாயங்காலம் ஆறரை மணி. மலைப்பாதை. முன்னாடி ஆள் இல்ல... பின்னாடி ஆள் இல்ல..."

நான் சொல்லி வாய் மூடவில்லை, டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம்க்கா. அவர் இன்னும் வந்து சேரல. இப்பப் போய்ப் பேய்க் கதையா?"

"அவர் வர்ற வரைக்கும்தான். இல்லேன்னா நீங்க அந்தப் பாறையையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருப்பீங்க. கழுத்து சுளுக்கிக்கும்."

ஏரிக்கரையில் நாங்கள் நான்கு பேர், ஒரு கேஸ் அடுப்பைச் சுற்றி. வெயில் காலம் முடிந்து, குளிர் இன்னும் சரியாகப் பிடிக்காத நாட்கள். பகலில் சட்டைக் கையை மடித்துவிடத் தோன்றும். பொழுது சாய்ந்துவிட்டால் பல் கிட்டும். கரை மரங்களில் பாதி இலை பழுத்திருந்தது. ஒவ்வொன்றாக உதிர்ந்து டென்ட் துணிமேல் விழும்போது பொத்... பொத்... என்று கேட்டது. ஈர இலை நாற்றம் மூக்கிலேயே நின்றது.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். அவர் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். ஷிஃப்டை முடித்துவிட்டு, தனியாக மலையேறி வந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. பக்கத்தில் எங்கள் வேன் டிரைவர் அண்ணன், இடி விழுந்தாலும் அசையாத ஆள். நான்காவது செல்ஃபி. முப்பது வயதுத் தடிமாடு. அந்தப் பேர் எப்படி வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. எந்த மலைக்குப் போனாலும் நாங்களெல்லாம் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, கை கழுவின பிறகுதான் அவன் வருவான், போன் நிறையப் படத்தோடு. அன்றைக்கும் கடைசியாகத்தான் இறங்கி வந்தான்.

நான் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க 'வாயத் திறங்க, வாயத் திறங்க' என்று சொல்லி அலுத்துப்போய்விடும். நாலு பேர் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டால் எனக்கு அது தனி சுகம்.

"வழி தெரியுமா அவருக்கு?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார்.

"கீழ சிக்னல் இருக்கும்போதே சொல்லிட்டேன்ணே. மேல பாறைவெளி வரும், அங்க கல்லடுக்கு இருக்கும், கல்லைத் தாண்டி நேரே இறங்கிடுங்கன்னு."

"அப்புறம் என்ன கவலை? கழுதை கெட்டா குட்டிச்சுவரு. உங்கள விட்டா மனுஷன் எங்க போயிடப் போறாரு?"

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காதிலிருந்து கையை எடுத்தார்.

"யாருக்கு நடந்துச்சு இது?" என்றான் செல்ஃபி.

"என் தோழியோட வீட்டுக்காரருக்கு. கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். கண் டெஸ்ட் பண்ணி, கண்ணாடி போட்டுக் குடுப்பாரே, அந்தக் கடை."

"இந்த ஏரியிலயா?" டீச்சர் கேட்டார்.

"வேற ஏரி. மலைன்னு இருந்தா ஏரிக்கா பஞ்சம்?" என்றேன். அப்படிச் சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றியது.

அடுப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கண்ணாடிக்காரர் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவனுக்கு நடந்திருந்தால், நன்றாக அனுபவிக்கட்டும் என்று நான் விட்டிருப்பேன். இவர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். ஒரே ஒரு குறை. எதற்கெடுத்தாலும் 'அப்புறம் பாத்துக்கலாம்.' வீட்டில் குழாய் சொட்டினாலும் அப்புறம் பாத்துக்கலாம், பல் வலித்தாலும் அப்புறம் பாத்துக்கலாம். அவர் பல்லை நானே பார்த்திருக்கிறேன்.

வருஷா வருஷம் இலை பழுக்கத் தொடங்கியதும் அவரும், அவருடைய சிநேகிதர் பேக்கரிக்காரரும் மலையேறுவார்கள். அந்த ஏரிக்குப் போக ஒரு பாறைவெளியைக் கடக்க வேண்டும். மொட்டைப் பாறை. புல் கிடையாது, தடம் பதியாது. ஓரிடத்தில் பாறை பிளந்திருக்கும். அந்தப் பிளவில் இறங்கினால் பத்திரமாகக் கரைக்குப் போய்விடலாம். வேறு பக்கம் போனால் பாறை திடுமென்று முடிந்துவிடும்... கீழே ஆழத் தண்ணீர்.

அதனால் அந்தப் பிளவின் வாசலில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் கல்லை யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு தட்டைக் கல்லைக் கீழேயிருந்து கொண்டுவந்து வைத்து, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பனி இறங்கினால் பாறைவெளியில் தன் கையே தெரியாது. கல்லைத் தேடு, கல்லைத் தாண்டி நேரே இறங்கு. அவ்வளவுதான் அங்கே சட்டம்.

"நம்ம வழி மாதிரியே இருக்கேக்கா" என்றார் டீச்சர்.

"எல்லா மலையிலயும் இதுதாங்க வழக்கம்."

அந்த வருஷம் அவர்கள் மேலே போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. இருட்டில் இறங்க வேண்டாம், பாறைமேலேயே டென்ட் போட்டுவிடலாம் என்றார்கள். ஏரி தெரிகிற முனைப் பக்கமாக டென்டை விரித்தார்கள். காற்றென்றால் பேய்க்காற்று. பாறையில் டென்ட் ஆணி இறங்குமா? அடுப்புப் பற்றவைத்தால் பொக்கென்று அணைந்தது. டென்டின் மூலைக்குக் கனம் வேண்டும், அடுப்புக்கு மறைப்பு வேண்டும். கையில் தூக்குகிற கல் அந்தப் பாறைவெளியில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

"அத எடுக்காதப்பா. வழி சொல்ற கல்லு" என்றாராம் பேக்கரிக்காரர்.

"ராத்திரிக்கு மட்டும்தானே. காலைல நானே அடுக்கி வெச்சுடறேன்."

அடுக்கியும் வைத்தார். வினையே அதுதான். போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தால்கூடப் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். விடிந்ததும் பேக்கரிக்காரர் பாதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கிவிட்டார். ஊருக்குத் திரும்பும் வழி ஏரியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகப் போகிறது. இவர் மட்டும் மேலே. அத்தனை கல்லையும் பிளவு வரைக்கும் சுமக்கச் சோம்பல். அடுப்பு இருந்த இடத்திலேயே, பாறை முனையிலேயே, அடுக்கிவிட்டார். பழையதைவிட நேராக, உயரமாக. இளவெயில்... பின்னால் நீலமாக ஏரி. அழகாக இருக்கிறதே என்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

"கல்லு வெச்சாச்சா?" கீழேயிருந்து குரல்.

"வெச்சாச்சு!"

பொய் இல்லை பாருங்கள். வைத்தார்தானே.

செல்ஃபி ஏதாவது கிண்டல் பண்ணுவான் என்று அவன் பக்கம் பார்த்தேன். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துவிட்டான் என்று எனக்குள் கொஞ்சம் சந்தோஷம். மேலே சொன்னேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார் கண்ணாடிக்காரர். வருகிறவர்களெல்லாம் 'எங்க சார் இது, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கே' என்றார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மலையேறப் போன ஒரு தபால்காரரைக் காணவில்லை என்று செய்தி வந்தது. தனியாகப் போனவர். பிறகு கிடைத்தார்... ஏரியில். படகில் போய் எடுத்தார்கள். எடுத்தவர்களுக்கு ஒன்றுதான் புரியவில்லை. எத்தனையோ வருஷமாக அந்த வழியில் போய் வருகிற மனுஷர், பனியில் எதற்காகப் பாறை முனைப் பக்கம் போனார்?

கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினார். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. கண் டெஸ்ட் பண்ணும் இருட்டறையில், கதவுக்குப் பின்னால், படத்தை முகம் திருப்பிச் சாத்தி வைத்தார். அப்போதுதான் பேக்கரிக்காரர் ஓடி வந்தார், முழங்கை வரை மாவோடு.

"டேய்... கல்ல அதே இடத்துலதானே வெச்சே?"

இவர் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அதே இடத்துலதான்."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. தினமும் காலையில், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்திருப்பார். சொன்னால் ஊர் என்ன சொல்லும்? ஒரு உயிரைக் கொன்றவன் என்று சொல்லாதா? சரி, போய்க் கல்லையாவது மாற்றி வைத்துவிட்டு வரலாம். அப்புறம் பாத்துக்கலாம்... அங்கே கல் தப்பான இடத்தில் நின்றுகொண்டே இருக்கிறது. அடுத்து யாராவது பனியில் வந்தால்? அதையும்தான் நினைத்தார். நினைத்துக்கொண்டே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நெஞ்சு குறுகுறுத்து என்ன பிரயோஜனம்? கால் எழவில்லையே.

ஒரு நாள் கடை மூடுகிற நேரம். வெளி விளக்கை அணைக்கப் போனபோது வாசலில் ஒருவர் நின்றார்.

"கண்ணு பாக்கணும் சார்."

தலை நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை. இவர் களைப்பில் அதை யோசிக்கவில்லை. இருட்டறைக்குக் கூட்டிப்போய் உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார். சின்ன அறை, கறுப்புத் திரை, எதிரே வெளிச்சத்தில் எழுத்துப் பலகை. டெஸ்ட் பண்ண மாட்டிவிடும் அந்தக் கனமான ஃப்ரேமை மூக்கில் வைத்தார். விரல் காதில் பட்டது. ஜில்லென்று இருந்தது. ஒரு வாடை... பாசியும், தண்ணீரில் ஊறிப்போன தோல் பையும் கலந்த மாதிரி.

"முதல் வரி படிங்க."

"தெரியல சார். பனியா இருக்கு."

லென்ஸை மாற்றினார். டக்.

"இது தெளிவா... அது தெளிவா?"

"ரெண்டும் பனிதான்."

டக்.

"இப்போ?"

"இப்ப ஒண்ணு தெரியுது சார்."

"என்ன எழுத்து?"

"எழுத்து இல்ல. கல்லு. ஒண்ணு மேல ஒண்ணா... அழகா அடுக்கியிருக்கு."

கண்ணாடிக்காரர் கையில் இருந்த லென்ஸ் நழுவியது. கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. அந்த ஆள் இருட்டில் மெதுவாக, மரியாதையாக, ஒரு பெரியவரிடம் வழி கேட்பது மாதிரிக் கேட்டார்.

"கல்லைத் தாண்டி நேரேதானே சார் இறங்கணும்?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நாற்காலி ரெக்ஸின் கிரீச்சென்றது, ஆள் எழுந்துகொண்ட மாதிரி. ஒரு அடி எடுத்து வைத்த சத்தம். அப்புறம்... தண்ணீர். நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கிற அறை அது. ஆனால் சத்தம் எங்கேயோ கீழே, ரொம்ப ஆழத்திலிருந்து வந்தது.

லைட்டைப் போட்டார். ஆள் இல்லை. சீட்டின் குழிவில் ஒரு கை அளவு தண்ணீர். அதில் ஃப்ரேம் கிடந்தது. லென்ஸ் இரண்டும் பனி பிடித்திருந்தன. துடைத்தார்... துடைத்தார்... போகவே இல்லை.

"போதும்க்கா" என்றார் டீச்சர். ஆனால் எழுந்து போகவில்லை. டிரைவர் அண்ணன் தன் போர்வையின் ஒரு முனையை அவர் பக்கம் தள்ளிவிட்டார். பாறை இருக்கும் திசையில் வெள்ளையாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. பனிதான்.

மறுநாளும் அதே நேரம், அதே ஆள். அதற்கு மறுநாளும். கடையைச் சீக்கிரம் மூடினாலும், காலையில் திறந்தால் சீட் நனைந்திருக்கும். என் தோழிக்கு ஒன்றும் தெரியாது. 'கூரை ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னா கேக்கறீங்களா' என்று திட்டிவிட்டு, அந்த நாற்காலிக்கென்றே ஒரு துண்டு வைத்திருந்தாள். தினமும் துடைத்துப் பிழிவாள். பிழிந்தால் சேறு வாடை அடிக்கும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் ஒரு நாள் பட்டப்பகலில் ஒரு அம்மா வந்தார். உயிரோடு இருக்கிற அம்மாதான், பயப்படாதீர்கள்.

"நான் அந்தத் தபால்காரனோட அக்கா. அழுது அழுது கண்ணு மங்கிப்போச்சு. நாளைக்கு மலைக்குப் போறேன். தம்பி கடைசியா நடந்த வழில நானும் ஒருதரம் நடக்கணும். கண்ணு தெரியணுமே, அதான் வந்தேன்."

"தனியாவா?" என்றார் இவர்.

"யாரு வருவா? வழி ஒண்ணும் கஷ்டமில்ல. தம்பி சொல்லியிருக்கான். கல்லைத் தாண்டி நேரே இறங்கணும்."

கண்ணாடிக்காரர் அந்த அம்மாவின் கண்ணாடியை வாங்கித் துடைத்தார், திருகை இறுக்கினார், மறுபடி துடைத்தார். திருப்பிக் கொடுத்தார்.

"பாத்துப் போங்க" என்றார்.

அவ்வளவுதான்! எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. பாத்துப் போங்க என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, போகாதீங்க என்று சொல்லத் தெரியாதா?

ஆனால் அன்று ராத்திரி அவர் கிளம்பிவிட்டார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா வருவதற்கு முன்னால் கல்லை மாற்றி வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அதுதான் கணக்கு.

பாறைவெளிக்குப் போனபோது ஒரே பனி. டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர். தடவித் தடவி, தான் அடுக்கின கல்லைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றாகத் தூக்கினார். பிளவு இந்தப் பக்கம்தான் என்று நடந்தார். வைத்தார். திரும்பினார். அடுத்தது... அடுத்தது. விரல் நசுங்கியது, முட்டி பெயர்ந்தது. இடது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"இது தெளிவா...?"

நின்றார். வலது பக்கத்திலிருந்து அதே குரல்.

"அது தெளிவா?"

அவர் தொழிலில் தினமும் கேட்கிற கேள்வி. அவரைப் போலவே இழுத்து இழுத்து. பதில் சொல்லாமல் கல்லைச் சுமந்தார். ராத்திரி முழுக்கச் சுமந்தார். குரல் ராத்திரி முழுக்கக் கேட்டது.

நன்றாக விடிந்த பிறகுதான் அடுக்கி முடித்தார். பனி மட்டும் போகவில்லை. அப்பாடா என்று கல்மேல் சாய்ந்தார். அப்போதுதான் கேட்டது... பாறையில் கைத்தடி ஊன்றுகிற சத்தம். டொக். டொக். அந்த அம்மா.

"கல்லு தெரியுது... தம்பி, இதோ வந்துட்டேன்டா."

கண்ணாடிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டதாம். நேரத்துக்கு முடித்துவிட்டோம், காப்பாற்றிவிட்டோம். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை கறுப்பாக இருந்தது. கரி. பாறையைப் பார்த்தார். அவர் காலடியில், கல்லடுக்கைச் சுற்றி, அடுப்பு எரிந்த கரி.

அதே முனை. ராத்திரி முழுக்கச் சுமந்து சுமந்து... அதே இடத்தில் அடுக்கியிருக்கிறார்.

டொக். டொக்.

கத்த வேண்டும். கத்தினால், ஏன் எதற்கு என்று சொல்லியாக வேண்டும். வாய் ஒட்டிக்கொண்டது. பின்னால், பாறை முடிந்துபோன இடத்திலிருந்து, காதில் ஜில்லென்று ஒரு மூச்சு.

"கல்லைத் தாண்டி நேரேதானே சார்?"

"இல்ல!" என்று அலறினார் கண்ணாடிக்காரர். "இல்ல! நில்லுங்கம்மா! கல்ல நம்பாதீங்க! தப்பான இடம்! நான்தான் மாத்தி வெச்சேன்... உங்க தம்பி... நான்தாம்மா..."

கைத்தடிச் சத்தம் நின்றது. பனி கொஞ்சம் விலகியது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. இவரை நேராகப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

அப்புறம் அவர் பார்வை இவருடைய தோளைத் தாண்டிப் போனது. அங்கே நிற்க இடமே கிடையாது, வெறும் ஆகாசம்.

"போதும்டா தம்பி" என்றார். "அதான் மனுஷன் சொல்லிட்டாருல்ல."

பனி முழுக்க விலகின பிறகு, இரண்டு பேருமாகக் கல்லைச் சுமந்து பிளவு வாசலில் அடுக்கினார்கள். அதற்கப்புறம் கடை நாற்காலி நனையவில்லை. ஆனால் தபால்காரர் மலையை விட்டுப் போகவில்லை என்கிறாள் என் தோழி. யாராவது கல்லை மாற்றி வைத்தால் அவர்களிடம் மட்டும் வந்து வழி கேட்பாராம்.

முடித்துவிட்டு டீயை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

"அக்கா..." செல்ஃபியின் குரல் அவன் குரலாகவே இல்லை. "அது வேற ஏரிதானே?"

நான் டீச்சரைப் பார்த்தேன்.

"சொல்லுங்கக்கா. வேற ஏரிதானே?"

"இந்த ஏரிதான்டா. டீச்சர் பயப்படுவாங்கன்னு அப்படிச் சொன்னேன். நீங்க கவலப்படாதீங்க டீச்சர், கல்லு சரியான இடத்துலதான் இருக்கு. இறங்கும்போது நானே தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அதுக்கப்புறம் நான் வந்தேன்க்கா" என்றான் செல்ஃபி.

அடுப்பு உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது.

"பிளவுகிட்ட ஏரி தெரியல. படத்துக்கு நல்லா வரல. அதான் கல்லை எடுத்து முனையில... பெருசா... படம் எடுத்துட்டுத் திரும்ப வெச்சுடலாம்னுதான் இருந்தேன். நீங்க சாப்பிடக் கூப்பிட்டீங்க." அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "அதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாருக்கா. தலையெல்லாம் ஈரம். கல்லைத் தாண்டி நேரேதானேன்னு கேட்டாரு."

"நீ என்னடா சொன்னே?"

"நான் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன். ஓரக்கண்ணால பாத்ததோட சரி. ஆமான்னேன்."

டீச்சர் எழுந்தே விட்டார். மேலே பார்த்தோம். பனிக்குள் ஒரு டார்ச் வெளிச்சம், மங்கலாக. பிளவுப் பக்கம் இல்லை. வலது பக்கம், முனையை நோக்கி, அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் வீட்டுக்காரரைக் கூப்பிடப் பார்த்தார், குரல் வரவில்லை.

"கத்துடா!" இடி விழுந்தாலும் அசையாத டிரைவர் அண்ணன் செல்ஃபியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "நீதான் சொல்லணும். கத்து!"

அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"நில்லுங்கண்ணே!" அவன் அலறியது ஏரி முழுக்கக் கேட்டது. "கல்லு தப்பு! போகாதீங்க! நான்தான் மாத்தி வெச்சேன்... நான்தான்!"

வெளிச்சம் நின்றது.

டிரைவர் அண்ணனும் செல்ஃபியும் பிளவு வழியாக ஏறிப் போனார்கள். கரையில் நானும் டீச்சரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேலே கல்மேல் கல் வைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்தத் தடிமாடு அழுதுகொண்டே அத்தனை கல்லையும் பழைய இடத்துக்குச் சுமந்தானாம், டிரைவர் அண்ணன் டார்ச் பிடிக்க.

டீச்சர் வீட்டுக்காரர் இறங்கி வந்ததும் டீச்சர் அவர் நெஞ்சில் குத்தினார், அழுதார், மறுபடி குத்தினார். அந்த மனுஷருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அவர் எங்க? உங்க கூட்டத்துல இன்னொருத்தர்?"

"நாங்க நாலு பேர்தான்" என்றேன்.

"மேல என்கூட நடந்து வந்தாரே. முனைப் பக்கம் வர வர என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். இறங்கலாமா சார்னு கேட்டேன். இருங்க, கீழேருந்து ஒருத்தர் பதில் சொல்லணும், அதப் பொறுத்துதான்னார்."

டீச்சர் அவர் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனைந்து, அடுப்பு ஓரத்துக் கல்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.